ஒரு படியின் உயரம்

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. கோவையிலிருந்து மாமல்லபுரம் போவதென்றால் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். ஓர் இரவு ரயில், விடிந்ததும் சென்னையிலிருந்து இன்னும் ஐம்பது அறுபது கிலோமீட்டர் கார், அறை வாடகை, மில்லிலோ பள்ளிக்கூடத்திலோ சொல்லி வாங்கிய லீவு என்று செலவு ஏறிக்கொண்டே போகும். சென்னைக்காரருக்கு இந்தக் கணக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியை விட்டு, உள்ளே போக முடியாவிட்டால் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அடுத்த மாதம் மறுபடி வரலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் மகளையோ, பக்கவாதத்துக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கும் அப்புச்சியையோ கூட்டிக்கொண்டு கிளம்பும் ஈரோட்டுக் குடும்பத்துக்கு இரண்டாவது வாய்ப்பு என்று ஒன்று எளிதில் அமையாது. ‘அவ்வளவு தூரம் போயி, அங்க படியிருந்தா என்ன பண்றதுங்க?’ என்ற ஒரு கேள்வியே பயணத்தை வாசலோடு நிறுத்தப் போதும். மாமல்லபுரத்துக் குகைகளைப் பலருக்கு மூடி வைத்திருப்பது பாறையோ படியோ அல்ல; அந்தப் படி எத்தனை அங்குல உயரம் என்று முன்கூட்டியே சொல்ல ஆளில்லாததுதான் என்பது என் வாதம்.

ஏனென்றால் மாமல்லபுரம் என்பது ஒரே இடமல்ல. 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற பல்லவர் காலச் சிற்பத் தொகுதியில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் மாபெரும் புடைப்புச் சிற்பம் சாலையோரத்திலேயே இருக்கிறது. தள்ளி நின்று, தலையைச் சற்று உயர்த்திப் பார்ப்பதற்கென்றே அமைந்தது அது. சக்கர நாற்காலியில் அமர்ந்தவர் பார்வைக்கு அங்கே எதுவும் குறைவதில்லை. அதன் பக்கத்திலேயே கிருஷ்ண மண்டபம். கோவர்த்தன மலையைக் குடையாகப் பிடித்தவனும், பால் கறப்பவனும், கன்றை நக்கும் பசுவும் உள்ள அந்தப் பாறைக்கு முன்னால் தூண் மண்டபம் எழுந்தது பின்னாளில், விஜயநகர காலத்தில். ஆனால் வராக மண்டபத்துக்குப் பாறைகளுக்கு நடுவே ஏற வேண்டும். கலங்கரை விளக்கத்தை அடுத்த மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்கும் ஏற்றம்தான். ஐந்து ரதங்களைச் சுற்றி மணல். ஊருக்கு வடக்கே சுமார் 5 கிலோமீட்டரில், சாளுவன்குப்பத்தில் இருக்கும் புலிக்குகையோ வெளியில் நின்று பார்க்கவேண்டிய குகை. வாயிலைச் சுற்றி வளைந்து நிற்கும் யாளித் தலைகள்தான் அதன் அழகு. அவற்றைப் பார்க்க யாரும் உள்ளே நுழைய வேண்டியதில்லை. பார்வையாளருக்கும் அந்தப் பாறைக்கும் நடுவே உள்ள தரை சக்கரம் உருளும் தரையா என்பது மட்டுமே கேள்வி. ஆகவே ‘மாமல்லபுரம் போக முடியுமா, முடியாதா’ என்று கேட்பதே பிழை. எந்தச் சின்னத்துக்கு, எந்த வாசல் வழியாக, எத்தனை மீட்டர், எந்தத் தரையில் என்று கேட்கவேண்டும்.

குடைவரை கொங்கு நாட்டாருக்குப் புதிதும் அல்ல. நாமக்கல் கோட்டைப் பாறையின் ஒரு பக்கம் நரசிம்மர், மறுபக்கம் பாம்பணையில் கிடக்கும் அரங்கநாதர். அரங்கநாதரைச் சேவிக்கப் படியேறியாக வேண்டும். மாமல்லபுரத்திலும் அதே பள்ளிகொண்ட கோலம் மகிஷாசுரமர்த்தினி மண்டபத்தின் ஒரு சுவரில் இருக்கிறது, அங்கும் ஏற்றம். உள்ளூரில் ஏற முடியாதவர் 500 கிலோமீட்டர் போயும் அதே திருக்கோலத்தைக் கீழிருந்தே கும்பிட்டுத் திரும்ப நேரிடும் என்றால், அதைப் புறப்படும் முன்பே அவரிடம் சொல்லிவிடுவது குறைந்தபட்ச மரியாதை.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பண்பாட்டுக்கும் பொழுதுபோக்குக்கும் மக்கள் பயன்படுத்தும் இடங்களையும் பொதுக் கட்டடம் என்ற சொல்லுக்குள் கொண்டுவருகிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக மாற்ற, 2017-இல் விதிகள் வெளியானதிலிருந்து ஐந்தாண்டு அவகாசம் தந்தது. அது 2022-இல் முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் ராஜீவ் ரதுரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைக்கும் விதி சட்டத்துக்கே முரணானது என்று தீர்ப்பளித்து, கட்டாயத் தரங்களை வகுக்கச் சொன்னது.

இந்தச் சின்னங்களுக்கும் அணுகும் வழி வேண்டும் என்றால் வரும் முதல் மறுப்பு வலுவானது: ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பாறையில் சாய்தளம் வெட்டச் சொல்கிறீர்களா? இல்லை. அந்தப் பாறையில் ஓர் உளி படுவதையும் நான் ஏற்கமாட்டேன். தொல்பொருள் சட்டமும் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடுக்கிறது. அந்தத் தடை அங்கே தேவை. ஆனால் துளையிடாமல், சிமென்ட் பூசாமல், தரைமேல் வைத்து எடுக்கக்கூடிய பலகைச் சரிவு வேறு விஷயம். கணக்கு எளியது. பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் 15 சென்டிமீட்டர் படி ஒன்றுக்கு 1.8 மீட்டர் பலகை வேண்டும். இரண்டு படி என்றால் அது கைக்கு அடங்கும் வேலை. இருபது படி என்றால் அந்த இடத்துக்கு அது பொருந்தாது என்று ஒப்புக்கொள்ளலாம். எல்லாக் குகையும் எல்லோருக்கும் திறக்காது என்பதை நான் மறுக்கவில்லை. திருச்செந்தூர்க் கடலோரத்து வள்ளி குகையில் நல்ல திடமான ஆளே குனிந்து ஒடுங்கித்தான் போகவேண்டும். எது முடியும், எது முடியாது என்பதை அளந்து பிரித்தபிறகு, முடியாததன் பெயரால் முடிவதையும் கைவிடக் காரணம் இருக்காது.

இரண்டாவது மறுப்பு அன்பின் குரலில் வருகிறது: ‘நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டாப் போச்சு.’ மும்பைக் கடலில் எலிஃபண்டா குகைக்குப் படகில் போய் இறங்கினால், நூற்றுக்கும் மேற்பட்ட படிகளுக்கு நாற்காலி தூக்குவோர் அங்கே உண்டு. மனமுவந்து அதில் போகிறவரை யாரும் குறை சொல்லமுடியாது. ஆனால் பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி ஆளோடு சேர்ந்தால் எடை 100 கிலோவைத் தாண்டும். வழுக்கும் பாறையில் தூக்குபவர் ஒருவர் கால் இடறினால் இரண்டு உடல்கள் உடையும். அதைவிடப் பெரியது, வளர்ந்த பெண்ணொருத்தி முன்பின் தெரியாத ஆண்கள் கையில், கூட்டம் வேடிக்கை பார்க்க, மூட்டைபோல ஏறி இறங்கவேண்டியிருப்பது. அவள் ‘வேண்டாம், நீங்க போய்ட்டு வாங்க’ என்று காரிலேயே உட்கார்ந்துவிட்டால், அதை அவளுடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது.

எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பது மூன்றாவது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம். மூட்டு தேய்ந்த முதியவர்களும் நிறைமாதப் பெண்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் இந்தக் கணக்கில் இல்லை. பழனியை நினைத்துப் பாருங்கள். மலைக்கு விஞ்ச் வந்தது 1966-இல், ரோப் கார் 2004-இல். அவற்றுக்கு முன் மலையேறாதவர்கள் பக்தி குறைந்தவர்களா? வழி கிடைத்ததும் வரிசை நீண்டது. கோயில் நிர்வாகத்துக்கு உள்ள சுதந்திரம் தொல்லியல் துறைக்கு இல்லை என்பது நியாயம்தான். ஆனால் வழி இல்லாத இடத்தில் ஆள் வராததை, ஆள் வராததால் வழி தேவையில்லை என்று திருப்பிப் படிக்கக் கூடாது என்பதற்குப் பழனியே சாட்சி.

கடலோர மணலும் உப்புக் காற்றும் எதையும் நிலைக்கவிடாது என்பதும் பாதி உண்மையே. சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று 263 மீட்டர் நீள மரப்பாதை திறந்தது. கடலைத் தூரத்திலிருந்தே பார்த்துவந்தவர்கள் அலையின் அருகே போனார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல், மாமல்லபுரத்தை ஒட்டியே கரை கடந்து, அதன் ஒரு பகுதியைச் சிதைத்தது. பிறகு சீர்செய்து மறுபடி திறந்தார்கள். எனக்கு அந்தச் சீரமைப்பே முக்கியமாகப் படுகிறது. புயலில் சாலை அரித்தால் யாரும் சாலையே வேண்டாம் என்பதில்லை. மரப்பாதைக்கும் ஆண்டுப் பராமரிப்புச் செலவு ஒதுக்கவேண்டும், அவ்வளவுதான்.

பயணத்தைத் திட்டமிடும் கொங்குக் குடும்பத்துக்குக் குகையைவிடப் பெரிய கவலைகள் இரண்டு: வெயில், கழிப்பறை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் பழகிய உடம்புக்கு மாமல்லபுரத்து மே மாதப் புழுக்கம் கடினம். தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவர்களுக்கோ அது ஆபத்து. அவர்களுக்கு வியர்வை சரியாகச் சுரக்காது, உடல் சூடு இறங்காது. அவர்கள் தை, மாசியில், காலை பத்து மணிக்குள் பார்ப்பதையெல்லாம் பார்த்து முடிப்பது நல்லது. கழிப்பறைக்குப் பயந்து முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் பெண்களுக்கு அந்த வெயில் இன்னும் கொடியது. கதவு 90 சென்டிமீட்டர் அகலமா, உள்ளே நாற்காலி திரும்ப இடமுண்டா, கைப்பிடி எந்தப் பக்கம் என்பதை விடுதிக்காரரிடம் ‘வசதி இருக்குங்களா’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. டேப் வைத்து அளந்து, படமெடுத்து அனுப்பச் சொல்லவேண்டும். சின்னங்களுக்கும் அதேதான்: வாசலிலிருந்து தூரம், தரையின் தன்மை, படிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் உயரம், நிழல் எங்கே, கழிப்பறை எங்கே என்று தொல்லியல் துறையும் சுற்றுலாத் துறையும் ஒரு பக்கத்தில் தமிழில் வெளியிடலாம். இரண்டு பேர், ஓர் அளவுநாடா, இரண்டு நாள் வேலை. பாறைக்கும் சேதமில்லை, யாரிடமும் அனுமதி வாங்கவேண்டியதும் இல்லை.

பார்வையில்லாதவருக்குப் படியின் உயரம் மட்டும் போதாது. அவருக்குச் சிற்பமே கைக்கு எட்டவேண்டும், மூலச் சிற்பத்தைத் தடவிப் பார்க்க விடுவதோ அதன் ஆயுளுக்கு நல்லதல்ல. இதற்கு வெளியே எங்கும் தேடவேண்டாம். 1957-இல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரி அந்த ஊரிலேயே இருக்கிறது. மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் உண்டு. தெருவெங்கும் உளிச் சத்தம் கேட்கிறது. சிங்கத்தின்மேல் வில்லோடு வரும் கொற்றவையையும், எதிரே பின்வாங்கும் எருமைத்தலை அசுரனையும், பூமிதேவியை ஏந்திய வராகத்தையும் அதே வகைக் கல்லில் மடி அளவுக்குச் செதுக்கி, அர்ச்சுனன் தபசுக்கு எதிரே நிழலில், சக்கர நாற்காலியின் கைப்பிடி உயரத்தில் ஒரு மேடைமேல் வைக்க அந்த ஊர்ச் சிற்பிகளால் முடியும். மேலே ஏற முடியாதவர்களும் கண் தெரியாதவர்களும் அதே மேடையைச் சுற்றி உட்கார்ந்து, மலைமேல் இருப்பது என்ன என்பதை விரலால் தொட்டுத் தெரிந்துகொள்வார்கள்.