அப்பா பெயரில் இருக்கும் வீடு: பாட்டிக்கும் பங்கு உண்டு

குடும்பத் தலைவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் வீடு அவர் பெயரிலேயே இருப்பது மலேசிய இந்தியர்களிடையே சாதாரணம். கருமக்கிரியை முடிந்த கையோடு யாராவது பட்டாவைப் பற்றிப் பேசினால், "அதற்குள் சொத்துப் பேச்சா?" என்று உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். பிறகு அது அப்படியே மறந்துவிடும். வீட்டை விற்க ஆள் வரும்போதுதான் சிக்கல் தெரியும்.

மனைவிக்கே எல்லாம், மூத்த மகனுக்கே வீடு என்பதெல்லாம் வழக்கமே தவிர சட்டமல்ல. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958-ஆம் ஆண்டு பங்கீட்டுச் சட்டப்படியே சொத்து பிரியும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூன்று தரப்பும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் உயிருடன் இல்லையென்றால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. ஆணும் பெண்ணும் சமம். திருமணமாகிப் போன மகளுக்கும் அதே பங்குதான்.

பெரும்பாலோர் மறந்துவிடுவது பாட்டியின் பங்கைத்தான். 3 லட்சம் வெள்ளி மதிப்புள்ள வீட்டை விட்டு ஒருவர் இறக்கிறார். மனைவி, மூன்று பிள்ளைகள், வயதான தாயார் இருக்கிறார்கள். தாயாருக்கு 75,000, மனைவிக்கு 75,000, பிள்ளைகளுக்கு ஆளுக்கு 50,000. பெயர் மாற்றாமலேயே நான்கு ஆண்டுகள் கழிந்து, தாயாரும் உயில் இல்லாமல் காலமாகிறார். அவருடைய 75,000 மருமகளிடம் திரும்பி வராது. இறந்த மகனைத் தவிர அவருக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் இருந்தால், அவர்களுக்கு ஆளுக்கு 25,000. இறந்த மகனுக்குரிய 25,000 பேரப்பிள்ளைகளுக்கு. ஆக, அந்த வீட்டில் ஆறில் ஒரு பங்கு இப்போது சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் சொந்தம். அவர்களும் காலமாகிவிட்டால் அவர்களுடைய வாரிசுகளைத் தேட வேண்டும். நிலவரியையும் மதிப்பீட்டு வரியையும் இத்தனை ஆண்டுகள் கட்டியவர் யார் என்பது இந்தக் கணக்கை மாற்றாது.

1997 ஆகஸ்ட் 31-க்கு முன்பு இறந்தவர்களுக்குப் பழைய விதி பொருந்தும். அதில் கணவருக்கு மனைவியும் பிள்ளைகளும் இருந்தால் பெற்றோருக்குப் பங்கில்லை.

உயில் இல்லாத, நிலமோ வீடோ அடங்கிய சொத்தின் மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்கு மேல் போகவில்லை என்றால் உயர் நீதிமன்றம் செல்லத் தேவையில்லை. 2024 ஜூலை 15 வரை இந்த வரம்பு 20 லட்சமாக இருந்தது. சொத்து இருக்கும் மாவட்டத்தின் சிறு சொத்துப் பங்கீட்டுப் பிரிவில் வாரிசுகளில் ஒருவர் விண்ணப்பிக்கலாம். மரணச் சான்றிதழ், பட்டா விவரம், வாரிசுகளின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ் ஆகியவை வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதியாமல் விட்டவர்கள் திணறுவது இங்கேதான். விசாரணை நாளில் வாரிசுகள் கூடிப் பேசி, பங்கை எப்படிப் பிரிப்பது என்று ஒப்புக்கொள்ளலாம்.

அப்போது ஒருவர் தன் பங்கை இன்னொரு வாரிசுக்கு விட்டுக்கொடுக்கவும் முடியும். 2024 ஜனவரி 1 முதல் இவ்வாறு விட்டுக்கொடுத்து எழுதும் பெயர் மாற்றத்துக்கு முத்திரைத் தீர்வை 10 வெள்ளி மட்டுமே. 18 வயது நிரம்பாத பிள்ளையின் பங்கை மட்டும் பெரியவர்கள் தங்கள் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

செலவு குறைந்துவிட்டது என்பதற்காக அம்மாக்கள் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடக்கூடாது. "எல்லாம் பையன் பெயரிலேயே இருக்கட்டும்" என்று கைம்பெண் தன் பங்கை விட்டுக்கொடுத்தால், பட்டாவில் அவர் பெயர் இருக்காது. நாளை மகன் அந்த வீட்டை விற்கவோ வங்கியில் அடகு வைக்கவோ தாயின் கையெழுத்து தேவைப்படாது. பங்கைத் தன் பெயரிலேயே பதிந்துகொண்டு, மகனுக்கு என்று உயில் எழுதி வைக்கவும் வழி இருக்கிறது.