நாற்பது பக்க நோட்டு எதற்கு?

இரண்டு மூன்று வருடம் ஓடிய ரோல்பிளேயிங் கேம்பெய்ன் முடிகிறது. அடுத்ததைத் தொடங்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே, ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் நோட்டைத் திறந்துவிடுகிறார். வரைபடம், அரச வம்சாவளி, ஆயிரம் வருட வரலாறு என்று நாற்பது பக்கம் நிரம்புகிறது. கடைசிச் சண்டையில் யார் யாரைக் காட்டிக்கொடுப்பது என்பதுகூடத் தீர்மானமாகிவிடுகிறது. ஆட வேண்டியவர்களோ இன்னும் தங்கள் கதாபாத்திரத்துக்குப் பெயரே யோசிக்கவில்லை. நாலாவது வாரத்தில் ஆட்டம் படுத்துவிட்டால், யாருக்கும் நேரமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். முதல் சந்தேகம் அந்த நோட்டின் மீதுதான் விழ வேண்டும்.

இந்த வகை ஆட்டம் பிறந்த விதமே இதற்குச் சாட்சி. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் அச்சேறுவதற்கு முன்பே அமெரிக்காவின் மினசோட்டாவில் 'பிளாக்மூர்' ஆடப்பட்டது. ஒரு கோட்டை, அதனடியில் சுரங்க அறைகள், பக்கத்தில் ஓர் ஊர். ஆடுபவர்கள் கால் வைக்க வைக்கத்தான் உலகம் விரிந்தது. 1984இல் வரத் தொடங்கிய 'டிராகன்லான்ஸ்' சாகச வரிசை வேறு வழியில் போனது. நாயகர்களும் சம்பவங்களும் முன்கூட்டியே தயார். உடன் வந்த நாவல்கள் அமோகமாக விற்றன. ஆட்டமாக ஆடியவர்களில் பலரோ, தண்டவாளத்தை விட்டு இறங்க வழியில்லை என்று குறைப்பட்டார்கள். 2010இல் வந்த 'அப்போகலிப்ஸ் வேர்ல்ட்' என்ற ஆட்டம், கதையை முன்னதாகத் திட்டமிடாதே என்று வெளிப்படையாகவே சொன்னது. முதல் அமர்வை ஆடிய பிறகுதான் ஆபத்துகளை எழுதச் சொல்கிறது அது.

துப்பறியும் கதைக்கு இது ஒத்துவருமா என்று கேட்கலாம். தடயங்களை யோசித்து வைக்காமல் மர்மம் நிற்காது என்பது சரிதான். அந்த வகையில் பேர்போன, 1984இல் வெளியான 'மாஸ்க்ஸ் ஆஃப் நயர்லாதொதெப்' கேம்பெய்ன் நியூயார்க்கில் ஒரு கொலையோடு தொடங்கி லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று பரவுகிறது. அதில் எழுதி வைத்திருப்பது சதிகாரர்களின் திட்டத்தை. நியூயார்க்கை விட்டுக் கிளம்பியபின் எந்த ஊருக்கு முதலில் போவது என்பது ஆடுபவர்கள் இஷ்டம். வில்லன் செய்யப்போவதை எழுதலாம். நாயகன் செய்யப்போவதையும் எழுதிவிட்டால் பகடை எதற்கு?

இன்று அந்த நோட்டைத் தடிக்க வைப்பவை, தொழில்முறை நடிகர்கள் ஆட, இணையத்தில் மணிக்கணக்கில் ஓடும் நிகழ்ச்சிகள். புதியவர்களை மேசைக்கு இழுத்துவந்தவை அவைதான் என்பார்கள், இருக்கட்டும். அவற்றைப் பார்த்துப் பழகிய மாஸ்டர் வாரம் ஓர் எபிசோடு தர நினைக்கிறார். எதிரே இருக்கும் நாலு பேரும் மெல்ல மெல்லப் பார்வையாளர்கள் ஆகிறார்கள். பார்வையாளர் ஒரு வாரம் வராவிட்டால் ஒன்றும் குறையாது. தான் இல்லாமல் கதை நகராது என்று தெரிந்தவர்தான் மழையிலும் வந்து சேர்வார். ஆகவே 'செஷன் ஜீரோ' எனப்படும் முதல் சந்திப்பில் பகடையை எடுக்க வேண்டாம். போன கேம்பெய்னில் எது பிடித்தது, எது சலித்தது, எதைத் தொடவே கூடாது, மாதத்தில் எத்தனை நாள் கூட முடியும் என்று பேசுங்கள். அதன்பின் ஓர் ஊர், ஆளுக்கொரு ஆசையோடு மூன்று பேர், யாரும் தடுக்காவிட்டால் முற்றிக்கொண்டே போகும் ஓர் ஆபத்து. ஒரு பக்கம் போதும்.