கருவில் வளரும் மூளையின் வரைபடம்

வடசென்னைக் கல்மண்டபத்தைச் சூழ்ந்துள்ள மீனவர் குடியிருப்புகளிலும் துறைமுகத் தொழிலாளர் வீடுகளிலும் வாழும் கருவுற்ற தாய்மார்கள் பலர், இராயபுரத்தில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையை நாடி வருகின்றனர். ஐந்தாம் திங்களில் எடுக்கப்படும் ஸ்கேன் என்னும் மீயொலிப் படத்தில் குழந்தையின் தலையளவும் மூளையின் புறவடிவும் புலப்படும். அதன் உள்ளே உயிரணுக்கள் எவ்வாறு அடுக்கப்படுகின்றன என்பது புலப்படாது. அதைக் காட்டும் வரைபடம் ஒன்று அதே நகரின் தென்பகுதியில் உருவாகியுள்ளது.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 2024 டிசம்பரில் ‘தரணி’ என்னும் முப்பரிமாண வரைபடத்தை வெளியிட்டது. பேராசிரியர் மோகனசங்கர் சிவப்பிரகாசம் இம்மையத்திற்குத் தலைமை வகிக்கிறார். 14 முதல் 24 வாரம் வரையிலான ஐந்து கருக்களின் மூளைகளிலிருந்து பெற்ற 5,132 நுண்சீவல்களின் படங்கள் இதில் உள்ளன. உயிர்பிழைக்காத அக்கருக்களை ஆய்வுக்கு அளிக்கப் பெற்றோர் ஒப்புதல் தந்தனர். துயரத்தின் நடுவே அவர்கள் அளித்த இசைவு இல்லையேல் இப்பணி தொடங்கியே இராது.

மூளையை உறையவைத்துத் தலைமயிரினும் மெல்லியதாகச் சீவுகின்றனர். ஒவ்வொரு சீவலையும் கண்ணாடித் தகட்டில் பதித்து, நிறமேற்றி, உயிரணுக்கள் தெரியும் நுணுக்கத்தில் படமெடுக்கின்றனர். படமெடுப்பதைவிட அப்படங்களை மீண்டும் ஒரே மூளையாக அடுக்குவதே கடினம். கருவின் மூளை நீர் மிகுந்தது, மிக மென்மையானது. சீவும்போது மடியும், கிழியும், ஒருபுறம் நீளும். ஏடுகள் கலைந்ததோடு, ஒவ்வோர் ஏடும் வெவ்வேறாகச் சுருங்கிப்போன சுவடியைச் சீர்செய்வதற்கு ஒப்பானது இவ்வேலை. வெட்டுவதற்கு முன் எடுத்த முழு மூளையின் படங்களே இங்கு வழிகாட்டி.

இவ்வளவு முயற்சியும் எதற்காக? மூளையின் நடுவே நீர்மம் நிறைந்த அறைகள் உள்ளன. அவற்றின் ஓரத்தில் பிறக்கும் நரம்பணுக்கள், மெல்லிய இழைகளைப் பற்றிக்கொண்டு வெளிப்புறம் நோக்கி நகர்கின்றன. பின்னர்ப் பிறப்பவை முன்னர் வந்தவற்றைக் கடந்து அவற்றுக்கு மேலே அமர்கின்றன. பதினான்காம் வாரத்தில் பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும் மேற்பரப்பில், இருபத்து நான்காம் வாரத்திற்குள் முதன்மையான மடிப்புகள் சில தோன்றிவிடுகின்றன. இப்பயணத்தில் இடைவழியே நின்றுவிடும் அணுக்கள் பிற்காலத்தில் வலிப்பு நோய்க்குக் காரணமாதல் உண்டு. எந்த வாரத்தில் எவ்வணு எங்கே இருத்தல் இயல்பு என அறிந்தால்தான், பிறழ்வை அடையாளம் காண இயலும்.

தரணி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இராயபுரத்து மருத்துவரும் அயல்நாட்டு ஆய்வாளரும் அதே படங்களைக் காணலாம். எனினும், ஐந்து மூளைகள் குறைவே. ஒரே வாரத்தில் உள்ள நலமான குழந்தைகளுக்கு இடையிலேயே எவ்வளவு வேறுபாடு இருக்கலாம் என்பதை அறிய, ஒவ்வொரு வாரத்திற்கும் இன்னும் பல மூளைகளை இதே முறையில் சீவிப் படமெடுத்தாக வேண்டும்.