கொள்கலக் கோப்பும் கொத்தணி மரபும்

மொழிபெயர்ப்பாவது சொல்லுக்குச் சொல் வைத்தல் மாத்திரமன்று. ஒரு மொழியிற் சொல்லாதே பெறப்படும் பொருளை மற்றொரு மொழியில் வெளிப்படக் கூறவேண்டிய இடங்கள் பலவுள. வழிநூலின் வகை நான்கனுள் மொழிபெயர்த்தலையும் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியல் எண்ணியுள்ளமை மாணவர் அறிந்ததே. கணினித்துறையிலும் இத்தகைய மொழிபெயர்ப்பொன்று உண்டு. அதனை ஈண்டு விளக்குவாம்.

ஒரு செய்நிரலையும் அதற்கு வேண்டிய துணைக்கோப்புகளையும் ஒருங்கே பொதிந்து இயக்கும் அமைப்புக் கொள்கலம் எனப்படும். 2013இல் வெளிவந்த டொக்கர் இம்முறையைப் பரவச் செய்தது. ஒரே கணினியிற் பல கொள்கலங்களை இணைத்து இயக்கும் விதிகளை ஒரு கோப்பில் எழுதிவைப்பது டொக்கர் கொம்போஸின் வழக்கு. பல கணினிகளைக் கொத்தணியாக்கி அவற்றிற் கொள்கலங்களை இயக்குவது குபெர்னெட்டிஸ். கூகிள் நிறுவனத்தார் 2014இல் அறிமுகஞ் செய்த இதன் பெயர், மீகாமன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லாகும்.

முன்னதன் கோப்பைப் பின்னதன் கோப்புகளாக்கும் கருவியின் பெயரும் ஒலியளவிற் கொம்போஸ் என்பதே. ஆங்கில முதலெழுத்து மாத்திரம் வேறு. மயக்கம் நேராவண்ணம் அதனை மாற்றி என வழங்குவாம்.

நூலகப் பட்டியலைக் காட்டும் செய்நிரல் ஒன்றும் அதன் தரவுத்தளமும் இரு கொள்கலங்களாகப் பழைய கோப்பில் உள்ளன எனக் கொள்க. மாற்றி ஒவ்வொன்றுக்கும் டிப்ளொய்மென்ட் என்னும் கோப்பை ஆக்கும். எத்தனை பிரதிகள் இயங்கவேண்டும் என்பதை அது கூறும். துறை எண் குறிக்கப்பட்டவற்றுக்குச் சேர்விஸ் என்னும் கோப்பையும் ஆக்கும். பிரதிகளை அடைதற்குரிய நிலையான பெயரை அது தரும். இம்மட்டில் இடரில்லை. இனி, கருவியை மாத்திரம் நம்புதலால் விளையும் இடர்களைக் காண்பாம்.

முதலாவது, பெயர். ஒரே கணினியில், துறை எண் குறிக்காமலே தரவுத்தளத்தை அதன் பெயரால் அழைக்கலாம். அவ்வாறு குறியாது விட்ட கோப்பை மாற்றினால் சேர்விஸ் தோன்றாது. கொத்தணியில் அப்பெயர் செல்லாது.

இரண்டாவது, முறை. தரவுத்தளம் தொடங்கிய பின்னரே செய்நிரல் தொடங்குக எனப் பழைய கோப்பில் விதிக்கலாம். டிப்ளொய்மென்டுகளுக்கிடையே அத்தகைய வரிசை இல்லை. ஆதலின் இணைப்புக் கிடைக்குமளவும் மீண்டும் முயலுமாறு செய்நிரலை அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது, கடவுச்சொல். பழைய கோப்பில் வெளிப்பட எழுதப்பட்டது புதிய கோப்பிலும் வெளிப்படவே நிற்கும். அதனைச் சீக்கிரட் என்னும் தனிப்பொருளுக்கு மாற்றுதல் நம் கடன்.

நான்காவதே மிகப் பெரிது. தரவுத்தளத்தின் பதிவுகள் பழைய கணினியின் கோப்புறை ஒன்றில் இருந்திருக்கலாம். மாற்றி அக்கோப்புறையின் இடத்தை விடுத்து, எச்சரிக்கை ஒன்றைக் காட்டி, புதிய சேமிப்பிடத்துக்கு ஒரு வேண்டுகோளை ஆக்கும். அளவு குறிக்கப்படாவிடின் ஏறத்தாழ 100 மெகாபைற்றே கேட்கப்படும். பழைய பதிவுகள் அங்கே தாமாக வாரா. தரவுத்தளம் குறையின்றித் தொடங்கும், பட்டியலோ வெறுமையாயிருக்கும். எல்லாம் நிறைவேறியது எனக் கருதிப் பழைய கணினியை அழிப்போர் பதிவுகளனைத்தையும் இழப்பர். எனவே முதலில் தரவுத்தளத்தைப் பிரதியெடுத்து, புதிய இடத்தில் மீட்டமைத்து, பதிவுகளை எண்ணி ஒப்புநோக்கிய பின்னரே பழையதைக் கைவிடல் வேண்டும்.

மாற்றியைப் பழித்தல் நம் கருத்தன்று. எழுதியதை அது விரைவில் மாற்றித் தரும். ஒரே கணினி என்னும் எண்ணத்தால் எழுதாது விட்டவற்றை அது அறியாது. அவற்றைத் தேடி எழுதுதல் மாற்றுவோன் பொறுப்பாகும்.