இடிக்கடவுளின் குளமும் ஏரிக்கரை முனியும்

ஒரகடத்திலிருந்து சில கிலோமீட்டரில் வல்லக்கோட்டை. ஏழடி உயர முருகன் நின்று அருளும் அந்தக் கோயிலின் குளத்துக்கு வஜ்ர தீர்த்தம் என்று பெயர். முருகனை நீராட்ட இந்திரன் தன் வஜ்ராயுதத்தால் தரையைப் பிளந்து வரவழைத்த தண்ணீர் என்கிறது தலபுராணம். கார், லாரி, டயர் என்று இரவும் பகலும் எதையாவது வார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு வட்டாரத்தின் நடுவில், இடியைக் கையில் ஏந்திய கடவுளின் குளம் அமைதியாகக் கிடக்கிறது. பக்கத்துத் தெருப் பையன்களிடம் இடிக்கடவுள் யார் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: தோர். சுத்தியலின் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள், மியோல்னிர்.

இதில் வருத்தப்பட ஏதுமில்லை. இந்திரனும் தோரும் தூரத்துப் பங்காளிகள் என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தொன்ம ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். இருவரும் இடிக்கு உரியவர்கள், இருவரும் பெருந்தீனிக்காரர்கள், இருவருக்கும் எதிரி ஒரு பெரும்பாம்பு. இந்திரன் விருத்திரனைக் கொன்று தண்ணீரை விடுவித்தான். தோர், உலகின் கடைசிப் போரில் யோர்முங்காண்டர் என்ற பாம்பைக் கொன்றுவிட்டு ஒன்பது அடி நடந்து அதன் நஞ்சால் விழுந்து சாகிறான்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்தால் பாம்பு வேறு குணம் கொள்கிறது. தோரின் வட ஐரோப்பியக் கடல்களில் உலகைச் சுற்றிவளைத்துத் தன் வாலைத் தானே கவ்விக் கிடப்பது பகைப்பாம்பு. இங்கே உலகைத் தலையில் தாங்குகிற ஆதிசேஷன், ஊருக்குக் குளமே தந்திருக்கிறான். சிவன் ஆடும்போது சிரித்துவிட்ட பூதகணங்கள் சாபம் பெற்று, விமோசனம் தேடி இங்கே தவம் கிடந்தன. அவை நீராடிய குளம் அனந்தசரஸ், அருள் செய்தவர் ஆதிகேசவப் பெருமாள். பூதங்கள் நன்றிக்கடனாக எழுப்பிய ஊர் என்பதால் பூதபுரி. 1017-இல் இங்கே பிறந்த ராமானுஜரை அந்த ஆதிசேஷனின் அவதாரம் என்றே வைணவர்கள் கொண்டாடுகிறார்கள். தண்டனை பெற்ற பூதங்கள் ஊர் கட்டின என்ற கதையைக் கட்டுமான வேலை ஓயாத இந்தத் தாலுகாவில் நின்று கேட்பதில் தனிச் சுவை இருக்கிறது.

தோர் வரும் நார்ஸ் புராணத்திலும் உழைப்பாளிகள் உண்டு. தலைமைக் கடவுள் ஓடினின் ஈட்டி, ஃப்ரேயர் என்ற தேவனின் கப்பல், தோரின் சுத்தியல் எல்லாமே பூமிக்கடியில் வாழும் குள்ளர்கள் உலையில் செய்தவை. சுத்தியல் செய்த அன்று தந்திரக்காரன் லோக்கி ஈயாக மாறி, துருத்தி ஊதிக்கொண்டிருந்த ப்ரோக் என்ற குள்ளனின் இமையைக் கடித்தான். கண்ணில் வழிந்த ரத்தத்தைத் துடைக்க அவன் ஒரு நொடி கையெடுத்தான், துருத்தி நின்றது, கைப்பிடி குட்டையாகிப் போனது. லைன் ஒரு நிமிடம் நின்றாலே சூப்பர்வைசர் ஓடிவரும் இடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சரக்கில் குறை இருந்தும் தேவர்கள் அதைத் தள்ளிவிடவில்லை, இருப்பதிலேயே சிறந்த ஆயுதம் என்று தீர்ப்பு சொன்னார்கள்.

இந்திரன், ஆதிசேஷன், பூதகணங்கள், எல்லோருக்கும் தலபுராணம் இருக்கிறது. அச்சிட்ட புத்தகம் கோயில் வாசலிலேயே கிடைக்கிறது. வல்லக்கோட்டை முருகனை அருணகிரிநாதர் பாடி வைத்திருக்கிறார். அவர்களைப் பற்றிக் கவலையில்லை. கவலையெல்லாம் ஏரிக்கரையில் இருக்கிறவர்களைப் பற்றி.

இந்தப் பகுதியே ஏரிகளின் நாடு. செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், மணிமங்கலம் என்று பெரிய ஏரிகள், அவற்றுக்கு இடையில் பெயர் தெரியாத தாங்கல்கள். கரைக்குக் கரை, மதகுக்கு மதகு ஒரு காவல். வேப்பமரத்தடியில் ஏழு கல்லாக நிற்கும் கன்னிமார், பனைமரத்து முனீஸ்வரன், எல்லையில் பிடாரி, ஊர் நடுவில் பொன்னியம்மன், செல்லியம்மன். இவர்களில் பலருடைய கதை எங்கும் எழுதப்படவில்லை. உடுக்கை, பம்பை அடிக்கிறவர்கள் பாட்டிலும், பரம்பரைப் பூசாரியின் நினைவிலும், சாமி வந்து ஆடும்போது வருகிற வாக்கிலும்தான் அது இருக்கிறது. முனி ஏன் மதகுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார், கன்னிமாரில் கடைசித் தங்கைக்கு மட்டும் ஏன் தனிப் படையல், எந்த வீட்டுப் பெண் எந்தப் பஞ்சத்தில் இறந்து அம்மனானாள்? இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்களுக்கு இப்போது வயது எழுபதுக்கு மேல்.

நார்ஸ் கடவுள்களும் ஒருகாலத்தில் இதே நிலையில்தான் இருந்தார்கள். ஏறக்குறைய 1000-இல் ஐஸ்லாந்து கிறித்தவத்துக்கு மாறியது. கும்பிட ஆளில்லாமல் போன கடவுள்களின் கதைகள் இரண்டு நூற்றாண்டு வாய்மொழியிலேயே ஓடின. 1220 வாக்கில் ஸ்நோரி ஸ்துர்லுசன் என்ற ஐஸ்லாந்துப் பெருமகன் உட்கார்ந்து எழுதினார். அவர் கிறித்தவர். அந்தக் கடவுள்களை நம்பியவரல்ல. ட்ராய் நகரத்திலிருந்து வந்த மனிதர்களைத்தான் மக்கள் தெய்வமாக்கிவிட்டார்கள் என்று முன்னுரையில் விளக்கம் கொடுத்துவிட்டே தொடங்கினார். கவிஞர்களுக்குப் பழைய உவமைகள் புரியாமல் போய்விடக் கூடாது என்பதுதான் அவருடைய கவலை. அந்தக் கவலை இல்லாவிட்டால் இன்று தோர் படமும் இல்லை, லோக்கி பொம்மையும் இல்லை.

பழைய பாடல்களின் தொகுப்பு இன்னும் நூலிழையில் தப்பியது. 1270-களில் எழுதிய ஒரே ஒரு தோல் ஏடு, மிஞ்சியிருப்பவை 45 இதழ்கள். 1643-இல் ஒரு பிஷப்பின் கைக்கு வந்து, டென்மார்க் அரசருக்குப் போய், 1971-இல் கப்பலில் ஐஸ்லாந்துக்குத் திரும்பியது. நடுவில் எட்டு இதழ்கள் காணாமல் போயிருந்தன. அவற்றில் இருந்த பாடல்களை இனி யாராலும் பாட முடியாது. எழுதியதற்கே இந்தக் கதி என்றால், எழுதாததற்கு?

தமிழ்நாட்டுக்கும் இப்படி ஒரு வாய்ப்பு வந்தது. அதுவும் டென்மார்க் வழியாகவே. டேனிஷ் அரசர் அனுப்பிய சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார். மதம் மாற்ற வந்தவர், 1713-இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். சிவன், பெருமாளோடு நிறுத்தவில்லை. ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி என்று ஊர்த் தெய்வங்களுக்குத் தனிப் பகுதியே ஒதுக்கினார். அந்தக் கையெழுத்துப் படி ஐரோப்பாவில் தூங்கி, 1867-இல்தான் சென்னையில் அச்சானது. 154 ஆண்டுத் தாமதம். தாமதமானாலும், எழுதியதால் இன்று படிக்க முடிகிறது. ஆனால் அவர் கேட்டு எழுதியது காவிரிக்கரைச் செய்திகளை. பாலாற்றங்கரையின் தாங்கலோரத்து முனிக்கு அப்படி ஒரு சீகன்பால்கு வரவில்லை.

அச்சில் ஏறினால் என்ன ஆகும் என்பதற்குக் காத்தவராயனே சாட்சி. ஆரியமாலாவைக் காதலித்ததற்காகக் கழுவில் ஏற்றப்பட்டவன். ஒன்பது இரவு ஈட்டிக் காயத்தோடு மரத்தில் தொங்கி ரூன் எழுத்துகளின் ரகசியத்தைப் பெற்ற ஓடினைப் படிக்கும்போதெல்லாம் கழுமரத்துக் காத்தவராயன்தான் நினைவுக்கு வருகிறான். ஒருவன் அறிவுக்காகத் தன்னையே பலி கொடுத்தான், மற்றவனை ஊர்ச் சட்டம் பலி வாங்கியது. இரண்டாவது கதைதான் நெஞ்சை அதிகம் உலுக்குகிறது. பெரிய எழுத்துப் புத்தகமாக அது சந்தையில் விற்றது, 1941-இல் 'ஆரியமாலா', 1958-இல் 'காத்தவராயன்' என்று சினிமாவாகவும் வந்தது. அதனால் அழியவில்லை.

அச்சில் ஏறாதது என்ன ஆகும் என்பதற்குத் திரௌபதி அம்மன் கோயில்களைப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசி நாள் மண்ணால் செய்த துரியோதனனின் பேருருவோடு படுகளம், மாலையில் தீமிதி. காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்துக்கு இதெல்லாம் புதிதில்லை. பாஞ்சாலி கதை வில்லிபாரதத்தில் இருக்கிறது. வெட்டிய தலையைக் கையில் பிடித்துக் காவல் நிற்கும் போத்துராஜாவும், அம்மனுக்கே காவல்காரனான முஸ்லிம் வீரன் முத்தால ராவுத்தனும் வில்லிபாரதத்தில் கிடையாது. அவர்கள் கூத்திலும் ஊர் நினைவிலும்தான் உயிரோடிருக்கிறார்கள். ஓடினும் மிமிரின் வெட்டுண்ட தலையை வைத்துக்கொண்டு யோசனை கேட்பான். அந்தத் தலையைப் பற்றி உலகமெங்கும் படிக்கலாம். போத்துராஜா கையில் இருப்பது யார் தலை என்று கேட்டால் ஊருக்கு ஊர் பதில் மாறும், சில ஊரில் பதிலே வராது. விடிய விடிய கூத்து பார்க்க வேண்டிய வயசுப் பிள்ளைகள் ஸி ஷிஃப்டில் இருக்கிறார்கள்.

கோயில்கள் முன்னைவிடப் பெரிதாகத்தானே ஆகியிருக்கின்றன, பக்தி எங்கே குறைந்தது என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், கூழ் வார்த்தலுக்குக் கூட்டம் குறையவில்லை. ஆனால் வளர்ந்தது கட்டடம். வேப்பமரத்தடிக் கல் கிரானைட் கருவறைக்குள் போகிறது, கோபுரத்தில் புதுச் சுதைகள் ஏறுகின்றன, பிடாரி பார்வதியின் அம்சமாகிறாள். அவளுக்கென்று இருந்த கதை அந்த நேரத்தில் யாருக்கும் தேவைப்படுவதில்லை. சாலை அகலமாகும்போது முனியைப் பாலாலயம் செய்து இருபது அடி தள்ளி வைத்துவிடலாம். அவர் காத்துக்கொண்டிருந்த மதகைத் தள்ளி வைக்க முடியாது. மதகைவிட்டு விலகி உட்கார்ந்த பிறகு, மதகுக் காவல் கதையைச் சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது. வேலைக்காக வந்து குடியேறிய ஒடிசா, பீகார்க் குடும்பங்கள் முனிக்கும் கற்பூரம் ஏற்றுகிறார்கள். கதை கேட்டால் சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

ஐஸ்லாந்திலும் சாலை போட்டார்கள். கால்காராவ்ன் என்ற எரிமலைப் பாறைவெளியை ஊடறுத்துப் போகும் சாலைக்கு 2013-இல் எதிர்ப்பு எழுந்தது. சூழலியலாளர்களோடு, அங்கே மறைந்து வாழும் குட்டித் தேவதைகளின் தேவாலயம் ஒரு பாறையில் இருக்கிறது என்று சொன்னவர்களும் சேர்ந்துகொண்டார்கள். சாலை வந்தது. 2015-இல் ஏறத்தாழ 70 டன் எடையுள்ள அந்தப் பாறையைக் கிரேன் வைத்துத் தூக்கிப் பத்திரமாக வேறிடத்தில் இறக்கினார்கள். பாறை நகர்ந்தாலும் கதை நகரவில்லை, ஏனென்றால் அது எழுதப்பட்டிருக்கிறது, வாதாடப்பட்டிருக்கிறது, செய்தியாகியிருக்கிறது.

நமக்கு இன்னும் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மதுராந்தகத்தில், ஏரி உடையப் போகிற மழை இரவில் கரைமேல் வில்லோடு காவல் நின்ற ராமரைக் கண்டதாகச் சொல்லப்படும் கலெக்டர் லயனல் பிளேஸ், தாயார் சந்நிதியைக் கட்டிக்கொடுத்தார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடந்தது. அவர் பெயர் அங்கே கல்லிலேயே இருக்கிறது. அந்தக் கல் இருப்பதால், ஏரி காத்த ராமர் கதையைக் கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்கூட அன்றே தெரிந்துகொண்டு போகிறார்.

தொழிற்பேட்டை ஊர்களில் இப்போது வருஷம் தவறாமல் எங்காவது கும்பாபிஷேகம் நடக்கிறது. கருங்கல் பலகையில் உபயதாரர்கள் பெயர் தொகையோடு வெட்டப்படுகிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு பலகை வேண்டும். சாமி யார், எங்கிருந்து வந்தார், எந்த ஏரிக்குக் காவல், முதலில் கும்பிட்ட வீடு எது, ஏன் இந்தத் திசை பார்க்கிறார் என்று பத்து வரி போதும். அதற்குமுன், ஆடியில் காப்பு கட்டும் அன்றே, பூசாரி சொல்வதையும் பம்பைக்காரர் பாடுவதையும் ஊர்ப் பிள்ளைகள் செல்போனில் முழுசாகப் பதிவு செய்ய வேண்டும். ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுத்தால் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். பதிவின் ஒரு பிரதி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கட்டும், தேதியோடும் சொன்னவர் பெயரோடும்.