தொங்கிய பட்டைகள் நிமிர்ந்த கதை

என் அக்கா மகள், கல்லூரி பிராஜெக்டுக்காக மாத மழை அளவுகளை வரைபடமாக்க புரோகிராமிங் கற்று வருகிறாள். அவளுக்கு நான் சிபாரிசு செய்தது பிராசஸிங். 2001-ல் கேசி ரீஸ், பென் ஃபிரை இருவரும் எம்.ஐ.டி. மீடியா லேபில் தொடங்கியது, இலவசம்.

முதல் நாளே ரெக்ட் கட்டளையால் செவ்வகம் வரைந்தாள். அடுத்த வாரம் ஃபார் லூப் மூலம் 12 பட்டைகள் வந்தன. ஆனால் எல்லாம் மேலிருந்து தொங்கின! அதிக மழை பெய்த மாதம் பள்ளமாகத் தெரிந்தது. அப்படியே கொடுத்தால் பார்ப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

காரணம், திரையில் 0,0 என்பது இடது மேல் மூலை. கீழே போகப் போக ஒய் மதிப்பு கூடும். எனவே, விண்டோவின் உயரத்திலிருந்து பட்டையின் உயரத்தைக் கழித்து, அதை ஒய் ஆகக் கொடுக்க வேண்டும். 400 பிக்ஸல் விண்டோவில் 150 பிக்ஸல் பட்டைக்கு ஒய் 250. இப்போது பட்டைகள் நிமிர்ந்து நிற்கின்றன. நீங்களும் செய்து பாருங்கள்.