கட்டைப்பையும் 14 இலக்க எண்ணும்

அம்மாவின் மருத்துவச் சீட்டுகள் அத்தனையும் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் இருக்கின்றன. "போன தடவை சுகர் எவ்வளவு இருந்தது?" என்று டாக்டர் கேட்டால் பையையே மேசையில் கொட்ட வேண்டும். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இந்தப் பையை இணையத்துக்குள் வைக்கும் முயற்சி புதிதல்ல. மைக்ரோசாஃப்ட் 2007இல் ஹெல்த்வால்ட்டையும், கூகுள் 2008இல் கூகுள் ஹெல்த்தையும் தொடங்கின. கூகுள் 2012 தொடக்கத்திலேயே கடையைக் கட்டியது. ஹெல்த்வால்ட் 2019இல் நின்றது. இடம் தாராளமாக இருந்தது. ஆனால் அதை நிரப்பும் வேலை பெரும்பாலும் நோயாளியின் தலையில் விழுந்தது. காய்ச்சலில் கிடப்பவர் கணினி முன் உட்கார்ந்து தட்டச்சு செய்வாரா?

நம் நாட்டின் 'ஆபா' என்ற மருத்துவப் பதிவுக் கணக்கு வேறு வழியில் போகிறது. 2020இல் புதுச்சேரி உள்ளிட்ட 6 யூனியன் பிரதேசங்களில் சோதித்துவிட்டு, 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுமைக்கும் கொண்டுவந்தார்கள். ஆளுக்கு ஒரு 14 இலக்க எண். ரிப்போர்ட்டுகள் டெல்லியில் ஒரே இடத்தில் குவிவதில்லை. ரத்தம் எடுத்த மருத்துவமனையின் கணினியிலேயே இருக்கும். எந்தப் பதிவை, எத்தனை நாளுக்கு இன்னொரு டாக்டர் பார்க்கலாம் என்று நாம் ஒப்புதல் தர வேண்டும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் முடியும். நல்ல ஏற்பாடு.

சிக்கல் பயன்படுத்தும்போதுதான் தெரிகிறது. அம்மாவுக்குக் கணக்கு தொடங்க உட்கார்ந்தோம். ஓடிபி, வேறு ஊரில் வேலையில் இருந்த தம்பியின் போனுக்குப் போனது. ஆதாரில் அவன் எண்தான் இருந்தது. அவன் பார்த்துச் சொல்வதற்குள் ஓடிபி காலாவதி. மூன்றாவது முறைதான் திறந்தது. முதியவர்களின் கணக்கைக் குடும்பத்தில் யாரோ ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார் என்பதை மனதில் வைத்து இந்தச் செயலிகளைச் செய்ய வேண்டும்.

இன்னொன்று, ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து ஏற்றினால் அது வெறும் படம்தான். ஐந்து வருடச் சர்க்கரையை ஒரே கோடாக வரைந்து காட்ட, எண்கள் எண்களாகவே வந்து சேர வேண்டும். அலகும் கூடவே வர வேண்டும். சிங்கப்பூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு வருபவரின் தாளில் சர்க்கரை 7 என்று இருக்கும். அது லிட்டருக்கு மில்லிமோல் கணக்கு. நம் ஊர் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் அதே அளவு 126. அலகு போடாத திரை ஆபத்தானது.

ஒரு செயலியைச் சோதிக்க வேண்டிய இடம் புறநோயாளிகள் வரிசை என்றே நினைக்கிறேன். கண்ணாடியை மறந்துவிட்டு வந்த 65 வயதுக்காரர், போன மாத ரிப்போர்ட்டைத் தானே திறந்து காட்ட வேண்டும். அதுவரை கட்டைப்பையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆதாரில் யாருடைய போன் எண் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். ஈசிஜி தாளின் எழுத்து நாளாக ஆக வெளிறிவிடும். அதற்கு முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.